கட்ட வேண்டாம் தம்பி

போடிநாயக்கனூர்,
18.11.2025

அன்புத் தம்பி செந்திலுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டதால் குமுளி ரோடு முழுக்கச் சாமிமார் வண்டிகள்தான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள் கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் ஊர்ந்துதான் போகின்றன. மலர் நன்றாகத் தூங்குகிறாளா, கால் வீக்கம் குறைந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். அடுத்த தடவை பேசும்போது அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

"அக்கா, விட்ருக்கா. கூரியர்காரன் கேக்குற காச நான் அனுப்புறேன், பார்சல வாங்கி வச்சுக்க" என்று போனில் சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பணத்தை நீயும் கட்டக்கூடாது, நானும் கட்டப்போவதில்லை. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் கேட்கிற பணம் என்னென்ன என்று பிரித்துப் பார். கூரியர்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டு அனுப்பியதால்தான் உனக்கு மலைப்பாக இருக்கிறது. அங்கே அமெரிக்காவில் இறக்குமதி வரி என்றும், அதை முன்பணமாகக் கட்டியதற்குச் சேவைக் கட்டணம் என்றும் உனக்கு ஒரு பில் வந்திருக்கிறது. எனக்கு வந்ததில் திருப்பி அனுப்பிய விமானக் கூலி, இந்தியாவுக்குள் வந்ததற்கு இறக்குமதி வரி, கிளியரிங் சார்ஜ், குடோன் வாடகை எல்லாம் இருக்கின்றன. மலரின் வளைகாப்புக்கு நான் அனுப்பிய பெட்டி உன் வாசலுக்கு வரவே இல்லை. நீ கையெழுத்துப் போடவில்லை. போடியில் நான் கட்டிக் கொடுத்த பெட்டி அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. அதற்கு அந்த நாட்டிலும் வரி, இந்த நாட்டிலும் வரி என்றால் எப்படித் தம்பி?

நடந்ததை மறுபடி சொல்கிறேன், உன் பக்கம் எழுதும்போது உதவும். 800 டாலர் வரைக்கும் வரியில்லாமல் விட்டுக்கொண்டிருந்த சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி போட்டு 50 சதவீதம் ஆக்கியிருந்தார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற ஏற்பாடே தெளிவாகாததால் நம் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குச் சாமான் பார்சல் வாங்குவதை நிறுத்திவைத்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டிருந்தது. தபாலில் வழியில்லை என்றுதான் தனியார் கூரியரில் போட்டேன். பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், அம்மா கையால் தைத்த குழந்தைச் சட்டை, பிரசவத்துக்குப் பிறகு வேண்டும் என்று சுக்கு, மிளகு, நான் வேலை பார்க்கிற கடையில் எடுத்த எட்டு எம்எம் ஏலக்காய் ஒரு கிலோ, இவ்வளவும் பில்லோடு எழுதிக் கொடுத்தேன். அங்கே வரி கேட்டார்கள், நீயும் கட்டுகிறேன் என்றாய். அதற்குள் "டெலிவரி ஆகவில்லை" என்று போட்டுப் பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். இதில் உன் குற்றமோ என் குற்றமோ எதுவும் இல்லை.

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதுகிற கடையில் கொஞ்ச வருஷம் முன்னால் வளைகுடாவுக்குப் போன ஏலக்காய் திரும்பி வந்தது. பூச்சிமருந்து எச்சம் கூடுதலாக இருக்கிறது என்று அங்கே இறக்கவிடவில்லை. மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடிக்குத் திரும்பியபோது முதலாளி பயந்தது விலை விழுமே என்றுதான், இறக்குமதி வரியை நினைத்து அவர் பயப்படவே இல்லை. கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒரே ஒரு அறிவிக்கையைக் காட்டிச் சரக்கை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கோப்பை அடுக்கி வைத்தவள் நான். அதனால்தான் இந்தப் பில்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

1962ஆம் வருஷச் சுங்கச் சட்டம் 20ஆம் பிரிவு, இங்கிருந்து போன சரக்கு திரும்பி வந்தால் புதுச் சரக்குக்கு என்ன வரியோ அதுதான் அதற்கும் என்று சொல்கிறது. கூரியர் ஆபீசில் இதைத்தான் எனக்குக் காட்டினார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிரிவின் கடுமையைத் தளர்த்தத்தான் ஜிஎஸ்டி வந்தபோது, 30.6.2017 தேதியிட்டு, 45/2017 என்ற சுங்க அறிவிக்கை போட்டார்கள். அதற்கு முன்னாலும் 1996இல் போட்ட 94/96 என்ற அறிவிக்கை இதே வேலையைச் செய்தது. போன சரக்கே மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும், இது அதுதான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஏற்றுமதி செய்தபோது டிராபேக், ஜிஎஸ்டி ரீபண்ட் என்று அரசாங்கத்திடம் ஏதாவது வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். எதுவும் வாங்காதவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வளைகாப்புப் பெட்டிக்கு நான் எந்த ரீபண்ட் வாங்கினேன்?

வரி ஏன் விழுந்தது என்றும் விசாரித்தேன். பெட்டியின் மேல் "பரிசு" என்று ஒட்டியிருக்கிறது, நான் அனுப்பும்போது ஒட்டியதுதான். திரும்பி வந்தபோது அதைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து எனக்கு யாரோ பரிசு அனுப்பியதாக இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறார்கள். 2019 டிசம்பரிலிருந்து ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, வெளிநாட்டுப் பரிசுப் பொருள் தபாலிலோ கூரியரிலோ சலுகையில் வர முடியாது. ஆகவே வரி. ஒரு பழைய லேபிளை நம்பி யாரோ அவசரத்தில் தட்டிவிட்ட பத்திரம் இது. திரும்பி வந்த சரக்கு என்று எழுதி, ஏற்றுமதியின்போது போட்ட ஷிப்பிங் பில் எண்ணையும் போட்டிருந்தால் பேச்சே இருந்திருக்காது. அந்தப் பத்திரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுப்பது கூரியர் கம்பெனியின் பொறுப்பு, அதற்குத்தான் கிளியரிங் சார்ஜ் கேட்கிறார்கள்.

இதில் எனக்கு மனசு கொதிப்பது ஏலக்காய்க்குப் போட்ட வரியைப் பார்த்துத்தான். ஏலக்காய் இறக்குமதிக்குக் கனத்த வரி எதற்காக இருக்கிறது? உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் விளைவது குவாத்தமாலாவில். அந்தக் காய் மலிவாக இங்கே வந்து குவிந்தால் வண்டன்மேட்டிலும் உடும்பன்சோலையிலும் மேகமலையிலும் தோட்டம் வைத்திருப்பவர் நிற்க முடியாது. புத்தடியிலும் போடியிலும் நடக்கிற ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விலை தரையைத் தொடும். விடியுமுன் ஜீப் ஏறிப் போகிற நம் பெண்களுக்குக் கூலி போகும், இங்கே குடோனில் உட்கார்ந்து காய் பிரிக்கிறவர்களுக்கு வேலை போகும். அவர்களைக் காப்பாற்றப் போட்ட வரி அது, நானும் அதை ஆதரிக்கிறவள்தான். அந்த வரியை, போடியில் பிரித்து போடியில் கட்டி போடியிலிருந்து போன காய்க்கே விதிக்கிறார்கள். இதை எப்படி நான் சரி என்று கட்டுவேன்?

நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். கூரியர் கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலைத்தான் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே, அதில்தான் ஒப்புகையோடு போட்டேன். தாக்கல் செய்த இறக்குமதிப் பத்திரத்தின் நகல், வரி கட்டியதாகச் சொன்னால் அதற்குச் சுங்கத்துறை கொடுத்த சலான், இரண்டையும் கேட்டிருக்கிறேன். கம்பெனி அடித்துக் கொடுக்கிற பில் வரி ரசீது ஆகாது. பத்திரத்தைத் திருத்தி 45/2017 சலுகையைக் கோரும்படியும் கேட்டிருக்கிறேன், சுங்கச் சட்டம் 149ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. அதிகாரி நம் கோரிக்கையை ஏற்காமல் வரி போட்டால் காரணம் எழுதிய ஆணை 15 நாளுக்குள் தர வேண்டும், அது கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சாமான் கெட்டுவிடும் என்ற நிலை வந்து கட்டியே தீர வேண்டுமானால்கூட "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துத்தான் கட்டுவேன். அப்படிக் கட்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வருஷக் கெடுவும் நம்மைத் தடுக்காது.

குடோன் வாடகைதான் அவர்கள் கையில் இருக்கிற ஆயுதம். நாள் ஓட ஓட ஏறும், ஏற ஏற மனுஷன் பயந்து கட்டிவிடுவான். தவறாகத் தாக்கல் செய்த பத்திரத்தால் ஆன தாமதத்துக்கு வாடகை எங்களுடையது அல்ல என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். பதில் சரியாக இல்லாவிட்டால் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவேன், பிறகு தேனி நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டுமோ என்று நீ கவலைப்பட வேண்டாம்.

திரும்பி வந்த விமானக் கூலி வேறு கணக்கு. அது வரி அல்ல, ஒப்பந்தம். டெலிவரி ஆகாவிட்டால் அனுப்பியவர் செலவு என்று அவர்கள் சீட்டின் பின்பக்கம் இருக்கிறது. ஆனால் நீ வரி கட்டச் சம்மதித்த பிறகு ஏன் திருப்பினார்கள் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும். அதைச் சொன்ன பிறகு நியாயமாக எவ்வளவு வருகிறதோ அதை நான் தருவேன். உரியதைக் கொடுக்காமல் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பையனையும் நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாவம், கம்ப்யூட்டரில் வருகிற தொகையைச் சொல்கிறான்.

இனி உன் வேலை. டிராக்கிங் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இன்றைக்கே அச்செடுத்து வை, கொஞ்ச நாளில் அதை அழித்துவிடுவார்கள். "இந்தப் பெட்டி எனக்கு ஒப்படைக்கப்படவில்லை, நான் மறுக்கவும் இல்லை" என்று தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பு. உனக்கு வந்த பில்லுக்குப் பதிலாக, அந்த நாட்டுச் சுங்கத்துக்கு வரி உண்மையில் கட்டப்பட்டதா, எந்தப் பதிவு எண்ணில், நாட்டை விட்டுப் போன சரக்குக்கு அதைத் திரும்பக் கேட்டார்களா என்று எழுத்தில் கேள். கார்டில் தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தால் உடனே நிறுத்து. வசூல் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தால் பயந்துவிடாதே. வந்த 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுதினால், அதை நிரூபித்துக் காட்டும்வரை அவர்கள் வசூலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது உன் ஊர்ச் சட்டம்.

தபாலில் போயிருந்தால் இவ்வளவு சிக்கல் இருக்காது என்றும் தோன்றுகிறது. 1874இல் பெர்னில் ஆரம்பித்த உலகத் தபால் ஒன்றியத்தில் இந்தியா 1876லேயே சேர்ந்துவிட்டது. அனுப்பியவருக்கே திரும்புகிற பார்சலுக்குச் சுங்கவரியை ரத்து செய்யும்படி ஒவ்வொரு நாட்டுத் தபால் துறையும் தன் சுங்கத்திடம் கேட்க வேண்டும் என்பது அந்த ஒன்றியத்தின் விதிகளிலேயே இருக்கிறது. டெலிவரி ஆகாவிட்டால் திருப்புவதா கைவிடுவதா என்று படிவத்திலேயே நாம் குறித்துக் கொடுத்துவிடலாம். அக்டோபர் 15 முதல் அமெரிக்காவுக்குத் தபால் பார்சல் மறுபடி வாங்குகிறார்கள். வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். வரிச் செலவு இருந்தாலும் குழந்தைச் சட்டையை இனிமேல் அதில்தான் அனுப்பப்போகிறேன்.

பெரிய தொகை இல்லையே என்று நீ சொல்வது உன் சம்பளத்துக்குச் சரி. நம் தெருவில் மலேசியாவிலும் துபாயிலும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. காய் பிரிக்கிற பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்து மகனுக்கு ஊறுகாயும் பொடியும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பில் வந்தால் பெட்டியை விட்டுவிடுவார்கள், அல்லது வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள். மூட்டைக் கணக்கில் ஏற்றுமதி செய்கிறவருக்குத் தெரிந்த அறிவிக்கை அவர்களுக்கும் சொந்தமானதுதான். நம் பெட்டி ஒரு தடவை வரியில்லாமல் வெளியே வந்துவிட்டால், அந்த ஆணையின் நகலை நான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பேன்.

மலரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அவளுக்குப் பேறுகால லேகியம் கிண்ட அம்மா சாமான் எடுத்து வைத்துவிட்டாள். டிராக்கிங் அச்சும் கையெழுத்துக் கடிதமும் இந்த வாரத்துக்குள் எனக்கு வந்தாக வேண்டும். அதுவரை அவர்கள் எத்தனை முறை போன் செய்தாலும் ஒரு டாலர்கூடக் கட்டிவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா