கொண்டோவே மலையிலிருந்து

கொண்டோவே, வடக்கு மலாவி
ஜூலை, ஞாயிறு மாலை

அன்பு அக்காவுக்கு,

போன மாதம் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. "அங்க சந்தோஷமா இருக்கியா, இல்ல வந்துட்டோமேன்னு இருக்கியா?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டுக் கேட்டது. அதற்குள் வார்டில் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இப்போது மூன்று நாள் லீவு கிடைத்து இந்த மலைக்கு வந்திருக்கிறேன். ஜூலை இங்கே குளிர்காலம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விருந்தினர் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிட்டிம்பா என்கிற ஏரிக்கரை ஊரில் மினிபஸ்ஸை விட்டு இறங்கினால், மேலே வருவதற்கு மத்தோலாதான். மத்தோலா என்றால் கூலிக்கு ஆள் ஏற்றும் பிக்கப் வண்டி. பின்தட்டில் எங்களோடு மக்காச்சோள மூட்டைகளும் கால் கட்டிய ஓர் ஆடும் வந்தன. கல்லும் செம்மண்ணுமான பாதை, ஏறக்குறைய இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் என் பக்கத்திலிருந்த பாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்து பிடிக்கவில்லை, நான் விழுந்துவிடக் கூடாதென்று பிடித்தார். மேலே வந்து திரும்பிப் பார்த்தால் ஏரி. கடலென்றுதான் சொல்ல வேண்டும். நீளம் சுமார் 580 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பினால் விழுப்புரம் தாண்டிவிடலாம்.

இந்த ஊருக்கு லிவிங்ஸ்டோனியா என்றும் பெயர். டேவிட் லிவிங்ஸ்டன் 1873-ல் இறந்தபின் அவர் நினைவாக ஸ்காட்லாந்துச் சபையார் ஆரம்பித்த மிஷன் இது. 1875-ல் ஏரியின் தென்கோடியில், கேப் மக்ளியரில்தான் முதலில் இறங்கினார்கள். ஐந்தாறு வருடத்தில் அங்கே கண்ட பலன், ஞானஸ்நானம் பெற்ற ஒருவரும் மிஷனரிகளின் ஐந்து கல்லறைகளும். 1881-ல் பண்டாவே என்கிற கரையூருக்கு மாறினார்கள். அங்கும் கல்லறைகள். கடைசியில் 1894-ல் டாக்டர் ராபர்ட் லாஸ் இந்த மலைமேல் ஏறி வந்தார். மலேரியா எப்படிப் பரவுகிறது என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கொசு என்று ரொனால்ட் ராஸ் நம் நாட்டில், செகந்திராபாத்தில், கண்டுபிடித்தது 1897-ல். தாழ்விடத்துக் கெட்ட காற்று என்று எண்ணி உயரத்துக்கு வந்தவர்கள், காரணம் தெரியாமலே பிழைத்தார்கள். லாஸ் 24 வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர், 1927 வரை இருந்தார். அவர் இருந்த கல்வீடு இன்று அருங்காட்சியகம். காலையில் அதன் வாசலில் நின்றபோது நம் மெஞ்ஞானபுரத்தில் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிற ஜான் தாமஸ் ஐயர் நினைவுக்கு வந்தார். வேல்ஸிலிருந்து வந்து, அந்தத் தேரிக்காட்டில் 192 அடிக் கோபுரம் எழுப்பி, அங்கேயே கண்மூடியவர். அந்தக் கோபுரத்து மணிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான்.

அக்கா, இந்தப் பெயர்களையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறினேன். நம் சபையில் முழங்காலில் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து அனுப்பினீர்கள். கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை. பன்னிரண்டு வருட நர்சிங் அனுபவம், அதில் ஐந்து வருடம் வார்டு சிஸ்டர். இங்கே ஏரிக்கரைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் கால் வைத்த அன்றே அவ்வளவும் கைநழுவிப் போயிற்று. நோயாளிகள் பேசுவது சிட்டும்புக்கா மொழி. எனக்கு ஒரு சொல் தெரியாது. என் பாதி வயதுள்ள நர்ஸ் ஒருத்தி ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டும். "வலி எங்கே?" என்று கேட்பதற்குக்கூட ஆள் வேண்டும். முதல் மூன்று மாதம் இரவுகளில் அழுதேன். உங்களுக்கு எழுதிய கடிதங்களில் அதையெல்லாம் எழுதவில்லை.

ஒரு நாள் காலை, காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்த ஒரு கிழவியிடம் போனேன். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றப் போனேன். அவர் தன் மற்றொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, என் முகத்தை நன்றாகப் பார்த்து, "முவாவுக்கா உலி?" என்றார். எப்படி எழுந்தீர்கள் என்று அர்த்தம்; இவர்களுடைய காலை வணக்கம் அது. பட்டை பாதி சுற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லும்வரை அவர் கையை விடவில்லை. "தவுக்கா மக்கோரா," நன்றாக எழுந்தோம், என்று சொல்லி, நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் கையைத் தளர்த்தி நீட்டினார். அன்றைக்குத்தான் நான் பார்த்தேன், மூன்று மாதமாக நான் ஒரு நோயாளியிடமும் முதலில் சுகம் விசாரித்ததில்லை. நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே சட்டியைத் திறந்து பார்ப்போமா?

அதற்குப் பிறகு வந்தது பிப்ரவரி. மழை, கொசு, பழைய தானியம் தீர்ந்து புதுக்கதிர் முற்றாத பஞ்ச நாட்கள், எல்லாம் ஒன்றுசேர்கிற மாதம் அது. ஒரு ராத்திரி இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். மலேரியாவில் ரத்தம் வற்றி, உள்ளங்கை காகிதம் போல வெளுத்திருந்தது. ஏற்ற ரத்தம் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன் குழந்தை போய்விட்டது. அந்தத் தாய் குழந்தையை முதுகில் கட்டிவந்த சிட்டெஞ்சே துணியை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, சொல்லவும் மொழியில்லை. சார்ட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். என்னோடிருந்த அந்த இளம் நர்ஸ் சிமெண்ட் தரையில் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "பெப்பானி, பெப்பானி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிக்கவும் என்பதற்கும் அந்தச் சொல்தான், நீ பட்ட பாட்டுக்கு நான் வருந்துகிறேன் என்பதற்கும் அதேதான். வழியில் யாராவது கால் இடறினாலும் பார்த்தவர்கள் பெப்பானி என்பார்கள். நான் சார்ட்டை வைத்துவிட்டு மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அந்த ஒரு சொல்லையே சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

அந்த விடியற்காலையில் அசரியா அத்தியட்சரை நினைத்துக்கொண்டேன். பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர் என்று நாம் ஞாயிறு பள்ளியில் பெருமையோடு படித்தோமே, அவர்தான். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், உலகத்து மிஷன் தலைவர்கள் கூடியிருந்த சபையில், வெள்ளைக்கார மிஷனரிகள் செய்த தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, கூடவே நட்பையும் தாருங்கள் என்று கேட்டவர். அந்தப் பேச்சை அவர்களுக்குச் சொன்ன கண்டிப்பு என்றுதான் நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இந்தக் கண்டத்தில் வந்து இறங்கிய நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். வேலையைக் கொடுத்தேன், தூக்கத்தைக் கொடுத்தேன், சிநேகத்தைக் கொடுக்கவில்லை. சிநேகம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வாங்கத் தெரிய வேண்டும். ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது பணப்பையைக் கொடுத்து அனுப்பவில்லை. போன வீட்டில் வைத்ததைச் சாப்பிடச் சொன்னார். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது தண்ணீர்.

வாங்குவதற்கு எனக்கு வேளை சீக்கிரமே வந்தது. மார்ச்சில் எனக்கே மலேரியா. மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. ஆர்டிசுனேட் ஊசி போட்டு என் சொந்த வார்டிலேயே படுக்க வைத்தார்கள். இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வந்தாக வேண்டும். கார்டியன் என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கிற கொட்டகையில் தங்கி, கல் கூட்டி விறகு எரித்துச் சமைப்பதும் துணி துவைப்பதும் அவர்கள்தான். எனக்கு யார் வருவார்? உடன் வேலை செய்கிறவர்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, மகளின் பிரசவத்துக்குத் துணை வந்திருந்த ஒரு அம்மாள் கஞ்சியோடு வந்து நின்றார். மக்காச்சோள மாவுக் கஞ்சி, நிலக்கடலையை இடித்துப் போட்டது. முழங்காலிட்டு, தகரச் செம்பிலிருந்து என் கையில் தண்ணீர் ஊற்றி, கீழே ஏனம் வைத்துப் பிடித்துக்கொண்டார். சாப்பிடுமுன் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. காய்ச்சலில் என் கை நடுங்கியது. அவர் ஒரு கையால் என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் கழுவிவிட்டார். நாலு நாள் வந்தார். என் உடுப்பை என்னைக் கேட்காமலே எடுத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்டார். நான் காசு நீட்டியபோது முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் எழுந்து அந்தக் கொட்டகைக்கு நடந்து போனேன். ஒரு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் நான் உள்ளே போனதில்லை. பெரிய பானையில் சிமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா, அது நம் களியேதான்! கேழ்வரகுக்குப் பதில் வெள்ளை மக்காச்சோளம். துடுப்பு வைத்து, பானையைக் காலால் அணைத்து, அம்மை கிண்டுவாளே, அதே கிண்டல். தொட்டுக்கொள்ள உசிப்பா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன். வாயில் வைத்ததும் நெத்திலிக் கருவாட்டு ருசி. துடுப்பை வாங்கி நான் கிண்டினேன். சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். இங்கேயும் குலவை உண்டு. இந்த நாட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் கொட்டகையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். மொழி அங்கேதான் வந்தது. எந்தக் குழந்தை ராத்திரி பால் குடிக்கவில்லை, எந்தக் கிழவர் மாத்திரையைத் தலையணைக்குள் ஒளிக்கிறார், எல்லாம் அங்கேதான் தெரிகிறது. நர்சாகவும் முன்னைவிட நல்ல நர்சாகியிருக்கிறேன் என்று தைரியமாகச் சொல்வேன். ஜெபம்கூட மாறிவிட்டது. முன்பு இந்த ஜனங்களுக்காக ஜெபித்தேன், இப்போது பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.

இன்று காலை ஆராதனையில் பாடல்கள் கேட்டுக் கண் நிறைந்தது. ஸ்காட்லாந்து மெட்டில் மொழிபெயர்ப்புப் பாட்டு ஒன்று வந்தால், அடுத்தது இந்த மண்ணின் மெட்டில் இவர்களே கட்டின பாட்டு. நமக்குப் பாமாலையும் கீர்த்தனையும் மாதிரி. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நமக்குச் செய்ததை இங்கே ஙோனி, தும்புக்கா இனத்து விசுவாசிகள் தங்களுக்குச் செய்துகொண்டார்கள். டொனால்ட் ஃப்ரேசர் என்ற மிஷனரி அவர்களை அவர்கள் மெட்டிலேயே பாட்டுக் கட்டச் சொல்லி ஊக்கப்படுத்தினாராம். நல்ல மிஷனரிக்கு அதுதான் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். அதேபோல இன்னொருவர் வில்லியம் கோயி. தென்னாப்பிரிக்காவின் கோசா இனத்தவர், அங்குள்ள லவ்டேல் மிஷன் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வந்தவர். ஙோனிகளின் பேச்சு அவர் பேச்சுக்கு உறவு. வெள்ளையர்களை நம்பாதவர்கள் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள். 1886-ல் அவர்கள் நடுவிலேயே இறந்தார். லாஸின் பெயரைச் சொல்கிற அளவு இவர் பெயரைச் சொல்வதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

ஆராதனை முடிந்ததும் கல்வீட்டுப் பக்கம் புல்வெளியில் ஒன்றைக் காட்டினார்கள். வெள்ளைக் கற்களைத் தரையில் அடுக்கி ஆளுயர எழுத்துகள்: எபேசியர் 2:14. 1959-ல் இந்த நாடு பிரிட்டிஷாருக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தபோது அவசர நிலை அறிவித்தார்கள். மலைமேலிருந்த வெள்ளைக்கார மிஷனரிகளைக் காப்பாற்றிக் கொண்டுபோக அரசாங்கம் தயாராக இருந்தது. கிளம்புகிறீர்களா இல்லையா என்பதைக் கற்களால் அடையாளம் காட்டச் சொல்லி விமானத்திலிருந்து செய்தி போட்டார்கள். மிஷனரிகளோ, மேலிருந்து பார்த்தால் தெரியும்படி இந்த வசனத்தின் எண்ணை அடுக்கி வைத்துவிட்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். இரு ஜனத்துக்கு நடுவே நின்ற சுவரை இடித்து ஒன்றாக்கினவரைப் பற்றிய வசனம் அது. வீட்டில் வேதத்தை எடுத்துப் பாருங்கள். நான் குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் லேசான சூடு இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. இன்னும் மின்சாரம் போகிறது, மருந்து தீர்ந்துபோகிறது, அம்மைக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று பக்கத்தில் இருக்க முடியாமல் தவித்தேன். கிறிஸ்துமஸ் இரவில் நம் தெருப் பவனி நினைவு வந்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. இதெல்லாம் இருந்தும்தான் சொல்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மையிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்தால் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள். பழைய துணிமணி சேர்த்து அனுப்ப வேண்டாம். எங்களுக்கு இப்போது மிகவும் தேவை ஒரு லேப் டெக்னீஷியன். நம் பிள்ளைகளில் யாராவது வர மனதாயிருந்தால் எனக்கு எழுதட்டும். குறைந்தது மூன்று வருடத்துக்கு வரட்டும். அதில் முதல் ஆறு மாதம் வேலையைப் பற்றிக் கவலைப்படாமல், கொட்டகையில் உட்கார்ந்து மொழி படிக்கத் தயாராக வரட்டும்.

கர்த்தருக்குள் உங்கள் அன்புத் தங்கை