மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி

ஜனவரி 5, ஞாயிறு. கொடைக்கானல்

காலையில் உறைபனி. புல் வெளுத்துக் கிடந்தது. மூன்று காட்டுமாடுகள் ஃபேர்வேயில் மேய்ந்துகொண்டிருந்தன. 1895-இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம் இது. மாடுகள் தாமாக நகரும்வரை காத்திருப்பது இங்கே ஆடுபவர்களுக்குப் பழக்கம். அரைமணி நேரம் தாமதமாகத்தான் பதக்கப் போட்டி தொடங்கியது.

பன்னிரண்டு குழிகள்வரை ஆட்டம் என் கையில் இருந்தது. அடுத்தது பார் 4. டிரைவரில் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால், கிரீனுக்கு 150 கஜம். எதிரே இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு கதவகல இடைவெளி. அதன் வழியே கொடி தெரிந்தது.

"பக்கவாட்டுல வெளிய தட்டி விட்ருவோம் சார். அடுத்த அடியில கிரீனுக்குப் போயிரலாம்" என்றார், என் பையைச் சுமக்கும் அண்ணன்.

"இல்லண்ணே, வழி தெரியுது" என்று 6 அயர்னை வாங்கினேன்.

பந்து வலப்பக்க மரத்தில் பட்டுப் புதருக்குள் பாய்ந்தது. அங்கிருந்து அடிக்க முடியாது. ஓர் அபராத அடி ஏற்று, பந்தை வெளியே எடுத்துப் போட்டேன். நான்காவது அடியில்தான் ஃபேர்வேக்கு வந்தேன். ஐந்தாவது கிரீனுக்கு முன்னால் விழுந்தது. ஆறாவதில் கிரீன். இரண்டு பட். மொத்தம் 8.

பதக்கம் இரண்டு அடி வித்தியாசத்தில் போயிற்று. அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தக் குழியில் 5 வந்திருக்கும், பதக்கமும் வந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

அந்த 6 அயர்னை ஏன் கேட்டேன்? யோசித்துப் பார்த்தால், அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஃபில் மிக்கல்சன். 2010 மாஸ்டர்ஸ், கடைசி நாள், பதின்மூன்றாவது குழி. பைன் சருகுமேல் கிடந்த பந்தை 6 அயர்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே அடித்து, ஓடையையும் தாண்டி, குழிக்கு நாலடி தூரத்தில் நிறுத்தினார். அடுத்து அடித்த பட் தவறியது என்பது பலருக்கு நினைவில் இல்லை. அடி மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது.

அதே மிக்கல்சன் 2006 யு.எஸ். ஓப்பனில், கடைசிக் குழியில் பார் எடுத்தால் கோப்பை என்ற நிலையில் டிரைவரை எடுத்தார். பந்து ஃபேர்வேயை விட்டு வெகுதூரம் விலகியது. அடுத்த அடி மரத்தில் பட்டது. டபுள் போகி. ஒரே அடி வித்தியாசத்தில் ஜெஃப் ஓகில்வி வென்றார்.

1999-இல் கார்னூஸ்டியில் நடந்தது இன்னும் கொடுமை. ழான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். 6 எடுத்தாலே பிரிட்டிஷ் ஓப்பன் அவருடையது. டிரைவர் அடி விலகியும் பந்து நல்ல இடத்தில்தான் கிடந்தது. அங்கிருந்து ஓடைக்கு முன்னால் தட்டி நிறுத்தியிருக்கலாம். 2 அயர்னை எடுத்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி, அடர்ந்த புல்லில் விழுந்தது. அடுத்த அடி ஓடைக்குள். காலணிகளைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்றவர், பிறகு மனம் மாறி அபராத அடியை ஏற்றார். 7-இல் முடித்து, மூவர் ஆடிய பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார்.

ஆட்டமே வாழ்வாக இருப்பவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் நேர்கிறது. வாரம் ஒருநாள் ஆடும் நாம் வென்ற அடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறோம்.

ஜனவரி 9, வியாழன்

மாலையில் மைதானம் வெறிச்சோடியிருந்தது. அண்ணனையும் அழைத்துக்கொண்டு அதே மரங்களுக்குள் போனேன். அதே இடத்தில் பத்துப் பந்துகளை வைத்து, இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்று தாண்டின. நான்கு மரத்தில் பட்டு அங்கேயே விழுந்தன. மூன்று புதருக்குள் போயின.

பிறகு பத்துப் பந்துகளைப் பக்கவாட்டில் தட்டினேன். ஒன்பது ஃபேர்வேயில்.

வீட்டில் கணக்குப் போட்டேன். இடைவெளியைத் தாண்டிய பந்துக்கு 4, மரத்தடியில் விழுந்ததற்கு 6, புதருக்குள் போனதற்கு 7 என்று வைத்தால் சராசரி 5.7. பக்கவாட்டில் வெளியேறினால் 5.1. இடைவெளி வழி லாபமாக வேண்டுமென்றால் பத்தில் ஆறு பந்தாவது தாண்ட வேண்டும். என்னால் முடிந்தது மூன்று.

என் ஹேண்டிகேப் 18. அதாவது குழிக்கு ஓர் அடி எனக்குச் சலுகை. பார் 4-இல் நான் எடுக்கும் 5, என் கணக்கில் பார்தான். இத்தனை வருடங்களாக அந்த 5-ஐத் தோல்வி என்று நினைத்து 8-களை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆனால் பயந்து ஆடுவது வேறு, கணக்கோடு ஆடுவது வேறு. அது இன்று விளங்கியது.

பார் 5. நல்ல டிரைவ். இன்னும் 230 கஜம். முன்னால் தண்ணீர் இல்லை, மரம் இல்லை, பங்கர் இல்லை. வழக்கமாக இங்கே 7 அயர்ன் அடித்து, 100 கஜம் மிச்சம் வைப்பேன். அதுதான் எனக்குப் பிடித்த தூரம் என்று நம்பியிருந்தேன்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் ஒவ்வோர் அடியையும் அளந்த தரவுகளை ஆராய்ந்து 2014-இல் 'எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே அடிக்கும் அடிகளில்தான் இருக்கிறது என்பது அவர் கண்டது. ஆபத்து எதுவும் இல்லையென்றால், கிரீனை நெருங்க நெருங்க நல்லது என்பதும் அவர் கணக்கு.

3 வுட்டை எடுத்தேன். பந்து கிரீனுக்கு 40 கஜம் முன்னால் நின்றது. எளிதாக 5.

அப்படியானால் ஸாக் ஜான்சன் செய்தது தவறா? 2007 மாஸ்டர்ஸில் பார் 5 குழிகளை அவர் பதினாறு முறை ஆடினார். ஒரு முறைகூட இரண்டாவது அடியில் கிரீனைத் தொட முயலவில்லை. ஆனாலும் அந்தக் குழிகளில் பாருக்கு 11 அடி குறைவாக எடுத்துக் கோப்பையை வென்றார். அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவின் பதின்மூன்றிலும் பதினைந்திலும் கிரீனுக்கு முன்னால் தண்ணீர் இருக்கிறது. அவருடைய வெஜ்ஜோ அந்த வாரம் அவருக்குக் கட்டுப்பட்டு நின்றது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிலமும் கையும்தான் சொல்ல வேண்டும், வழக்கம் அல்ல.

ஜனவரி 19, ஞாயிறு

இருவர் இருவராக மேட்ச் பிளே. கூட்டாளிகள் இருவரில் குறைந்த அடிதான் குழிக்குக் கணக்கு. என் கூட்டாளியின் பந்து கிரீனில், பார் உறுதி. என் பந்து மரங்களுக்குள். இன்று எனக்கு 5 வந்தாலும் 9 வந்தாலும் குழியின் முடிவு மாறாது. கூட்டாளியைவிடக் குறைவாக எடுத்தால்தான் பயன். அண்ணனே 6 அயர்னை உருவிக் கொடுத்தார். "இன்னிக்கு அடிங்க சார்" என்றார்.

பந்து மரத்தில் பட்டது. மனதில் துளி வருத்தம் இல்லை. முடிவு சரி, அடி தவறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் அடியும் கணக்காகும் பதக்கப் போட்டியில் அதே அடி கிரீனுக்கே போயிருந்தாலும், அது தவறான முடிவுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி பதக்கப் போட்டி. மறுபடி அதே குழி. வேண்டுமென்றே அங்கே அடிக்கவில்லை. ஆனாலும் பந்து அதே மரங்களுக்குள். இடைவெளியில் கொடி தெரிந்தது.

9 அயர்னை வாங்கினேன். பக்கவாட்டு அடிதானே என்று அலட்சியமாகத் தட்டினால் அதுவும் கெடும். ஃபேர்வேயில் ஒரு காய்ந்த இலையைக் குறிவைத்து, முழுக் கவனத்தோடு அடித்தேன். பந்து வெளியே வந்தது. அடுத்ததில் கொடியைக் குறிவைக்காமல் கிரீனின் நடுவைக் குறிவைத்தேன். இரண்டு பட். அட்டையில் 5.

கோல்ஃப் ஆடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களை மயக்கும் இடைவெளி எது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாலை நேரம் பத்துப் பந்துகளோடு அங்கே போங்கள். எத்தனை தாண்டுகின்றன என்று எண்ணி எழுதி வையுங்கள். போட்டி நாளில் அந்த எண்ணைக் கேட்டு முடிவெடுங்கள்.

இன்றைய பதக்கம் வேறொருவருக்குப் போனது. ஆனால் என் அட்டையில் பதினெட்டுக் குழிகளிலும் ஒரு 8 கூட இல்லை.