அம்மாவோட கைநாட்டும் பொங்கல் அட்டையும்

பொங்கலுக்கு இன்னும் இருபது நாளுதாங்க இருக்குது. மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து உக்காந்தா, திண்ணை பூராவும் காகிதம், சாயம், பாதி வெட்டின வெண்டைக்கா. எங்க வீட்டுல இப்பவும் பொங்கல் வாழ்த்து கையாலதான் செய்யறோம். போன்ல ஒரு படத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடற காலத்துல இது எதுக்குன்னு பட்டணத்துல இருக்கற நீங்க கேக்கலாம். காரணம் இருக்குதுங்க.

நான் பள்ளிக்கூடம் போன 1980கள்ல, மார்கழி பொறந்துட்டா கொடுமுடிக் கடைவீதியில கயிறு கட்டி, துணி காயப்போட்டாப்புல வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பாங்க. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல், முருகன், லட்சுமி, பொங்கப்பானை, கொம்பு சீவின காளைன்னு விதவிதமா இருக்கும். எல்லாம் சிவகாசி அச்சு. ஆனா அட்டைக்கு ஒரு காசு, கவருக்கு ஒரு காசு, தபால்தலைக்கு ஒரு காசுன்னு ஆயிடும். எங்களுக்குக் கட்டுபடியானது 15 பைசா கார்டு ஒண்ணுதான்.

1983ல அக்காவைக் கட்டிக் குடுத்தது ஆனமலைப் பக்கம். போகணும்னா மூணு பஸ் மாறணும். அடுத்த தைக்கு, "பொங்கலுக்கு அவளுக்கு எதாவது அனுப்பு"ன்னு அம்மா சொல்லுச்சு. அப்பத்தான் மொதக் கார்டு செஞ்சேன்.

அச்சு தேடி எங்கயும் போகல. மாட்டுப் பொங்கலுக்குப் படியைச் சாயத்துல முக்கி, மாட்டு முதுகுல வட்டம் வட்டமா வைப்போமில்லைங்களா, அதே ரோசனைதான். கொம்புக்கு வாங்கின சாயத்துல மீதி இருந்துது. முத்தல் வெண்டைக்காயைக் குறுக்கால வெட்டி ஒத்தினா அஞ்சு இதழ்ப் பூ. வாழை மட்டையை வெட்டி ஒத்தினா, உள்ளார கட்டம் கட்டமா இருக்கற பிறை. பூவும் பிறையும் போட்டு, நடுவுல "பொங்கல் வாழ்த்துகள்"னு எழுதினேன்.

எழுதி முடிச்சதும் அம்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடன் பத்திரம்னா நீல மையில பெருவிரலை உருட்டி வைக்கும், அவ்வளவுதான். "கையெழுத்து நீ போட்டுக்க சாமி. கைநாட்டு நான் வெக்கறேன்"னு சொல்லிட்டு, மஞ்சத்தூளோட துளி சுண்ணாம்பைக் குழைச்சுது. ஆரத்திக்குக் கரைக்கறப்ப செவக்குமே, அதே செவப்பு. கார்டோட மூலையில பெருவிரலை அழுத்தி எடுத்துச்சு. கடன் பத்திரத்துல வைக்கறப்ப மொகத்துல இருக்கற கவலை அன்னிக்கு இல்ல.

வருசா வருசம் அப்படியே நடந்துது. அச்சு மாறும், ஒரு வருசம் வெங்காயம், ஒரு வருசம் பாகக்கா, ஒரு வருசம் ஆமணக்கு இலை. கைநாட்டு மட்டும் அதே மூலையில இருக்கும்.

1994ல அப்பா காலமானாரு. அதுக்கப்பறம் காடு பிரிக்கற பேச்சு வந்துது. தமிழ்நாட்டுல 1989லதான் பூர்வீகச் சொத்துல பொண்ணுகளுக்கும் சமபங்குன்னு சட்டம் வந்துது. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணமாகிப் போனவங்களுக்கு அந்தச் சட்டத்துல எடமில்ல. அக்கா கல்யாணம் 1983. ஆளாளுக்கு ஒரு ஞாயம் பேசினாங்க. பெரியவங்க நாலு பேரு உக்காந்தும் முடியல. அக்கா வீடு எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. நாங்களும் போகல. ஒன்பது வருசம் ஓடிப்போச்சு.

அந்த ஒன்பது வருசமும் மார்கழியில அம்மா வந்து உக்காரும். "கார்டு போட்டியா?" பேச்சுவார்த்தையே இல்லாதவங்களுக்கு என்னம்மா எழுதறதுன்னு கேட்டா, "எழுதச் சொன்னது யாரு? பூப் போடு. நான் நாட்டு வெக்கறேன்"னு சொல்லும். விலாசம் மட்டும் என் கையெழுத்துல இருக்கும். பதில் ஒரு வருசமும் வந்ததில்ல. "திரும்பி வரல இல்ல? அப்ப வாங்கிட்டா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடும்.

2003ல அம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப அக்கா வந்துது. வர்றப்ப ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கட்டில்மேல கொட்டுச்சு. அத்தனை வருசத்துக் கார்டும் இருந்துது. பொட்டியில சேலைக்கு அடியில வெச்சிருந்துருக்குது. வெளிச்சம் படாததால அம்மாவோட ரேகை செங்கல் நிறத்துல அப்படியே இருந்துது. ஒண்ணே ஒண்ணைச் செவுத்துல ஒட்டி வெச்சிருந்தாங்களாம், அதுல மட்டும் ஒண்ணுமில்ல. மஞ்சச் சாயம் வெளிச்சத்துக்கு ஆகாதுங்க, வெளுத்துடும்.

"விலாசம் உன் எழுத்து, நாட்டு அம்மாளுது. ரெண்டும் ஒரே கார்டுல இருந்துது. அதனாலதான் கிழிச்சுப் போடல"ன்னு அக்கா சொல்லுச்சு. அந்த மாசமே அரை ஏக்கராவை அக்கா பேருக்கு எழுதி முடிச்சோம். அம்மா கடைசியா நீல மையில கைநாட்டு வெச்சது அந்தப் பத்திரத்துலதான்.

இப்ப பேத்தி காலம். சென்னையில ஏழாவது படிக்கறா. லீவுக்கு வர்றப்ப ஒரு சின்ன மெசினைத் தூக்கிட்டு வந்தா. கரும்பு ஜூஸ் மெசினாட்டவேதான், ரெண்டு உருளை, ஒரு கைப்பிடி. வெளிம்புல கத்தி மாதிரி இருக்கற மெல்லிசான இரும்பு அச்சைக் காகிதத்துமேல வெச்சு, ரெண்டு பலகைக்கு நடுவுல குடுத்துச் சுத்தினா, பானை பானையாவே வெட்டிக்கிட்டு வருது. 'டை'ன்னு சொல்றா. "கண்ணு, நம்ம வீட்டுலயும் டை இருக்குது வா"ன்னு கூட்டிட்டுப் போய், முறுக்கு அச்சோட நட்சத்திரத் தகடு, பொட்டுப் பொட்டா ஓட்டை போட்ட கோலத்தட்டு, அச்சுவெல்லத்துக்கான மரக்கட்டை மூணையும் காட்டினேன். நட்சத்திர ஓட்டையில தூரிகையை வெச்சு வர்ணத்தைத் தட்டினா நட்சத்திரம். கோலத்தட்டு மேல பஞ்சால ஒத்தினா முழுக்கோலம்.

நீங்களும் செஞ்சு பாக்கறதா இருந்தா, கைப்பட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

வெண்டைக்காயை வெட்டின கையோட ஒத்தக்கூடாது, கொழகொழன்னு வழுக்கும். அரை மணி நேரம் காயவிட்டு, துணியால ஒத்தி எடுத்துட்டு அப்பறம் வையுங்க. உருளைக்கிழங்குல எழுத்துச் செதுக்கினா கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிச் செதுக்கணும். அன்னிக்கே வேலையை முடிச்சிடணும், மறுநாளைக்குச் சுருங்கிடும். இலைன்னா அடிப்பக்கம்தான் வர்ணம் தடவணும், நரம்பு பொடைப்பா இருக்கறது அங்கதான். தடவின பக்கம் மேல பாக்க வெச்சு, அதுமேல காகிதத்தைப் போட்டுக் கையால தேயுங்க.

கடையில வர்ணம் வாங்கணும்னு இல்ல. செம்பருத்தி இதழைக் காகிதத்துல தேச்சா ஊதா வரும். அதுமேல எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டாப் பாருங்க, கண்ணு முன்னாடியே ரோஸ் ஆகும். பச்சைக்கு அவரை இலை. மஞ்சத் தண்ணி பூசிக் காயவெச்சு, சுண்ணாம்புத் தண்ணியில குச்சியைத் தொட்டு எழுதினா எழுத்து செவப்பா எழும்பி வரும்.

வாட்டர்கலர்னா சாதா நோட்டுக் காகிதம் தாங்காது, சுருண்டுக்கும். 300 ஜிஎஸ்எம் கனத்துல வாங்குங்க. பேத்தி பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் கொண்டு வந்திருந்தா. பருத்தித் துணிக் கழிவுல செய்யறது, தண்ணியை நல்லாக் குடிக்குது. அந்த வர்ணத்துல வெள்ளைங்கறது காகிதம்தான். அதனால எங்க வெள்ளை வேணுமோ அங்க மொதல்லயே மெழுகுவத்தியால கோடு போட்டுடுங்க, வர்ணம் அதுமேல ஒட்டாது. நம்ம வரப்பு போடறாப்புலதான். தூரிகையில தண்ணி அதிகமானா எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் ஓடும். தண்ணி கட்டத் தெரிஞ்சவனுக்கு இந்த வேலை சீக்கிரம் வந்துடுதுங்க.

லண்டன்ல 1843ல ஹென்றி கோல்ங்கறவரு அச்சடிச்ச மொத கிறிஸ்துமஸ் அட்டைக்குக்கூட வர்ணம் கையாலதான் தீட்டினாங்களாம், பேத்தி படிச்சுச் சொன்னா. பரவால்ல, நம்ம இனம்தான்னு நெனைச்சுக்கிட்டேன்.

இத்தனை வர்ணம் இருந்தும் அக்காவுக்கு அனுப்பறதுலதான் ஒரு செரமம். ரெண்டு வருசமா அதுக்குப் பார்வை இல்லீங்க. கண்ணழுத்த நோய். வலியே இல்லாம பார்வை சுருங்கிக்கிட்டே வந்துருக்குது, தெரியறப்ப காலம் கடந்துபோச்சு. அதுல போன பார்வை திரும்பாது. நாப்பது தாண்டினவங்க ஒருக்கா கண்ணழுத்தம் பாத்துக்குங்க, இதையும் சேத்துச் சொல்லிடறேன்.

கண்ணு தெரியாதவங்களுக்கு என்ன அட்டை அனுப்பறது? போன வருசம் நானும் பேத்தியும் ரெண்டு நாள் இதே ரோசனையா இருந்தோம். கனமான காகிதத்தைத் தண்ணியில நனைச்சு, அச்சுவெல்லக் கட்டைமேல போட்டு, கரண்டி முதுகால குழி குழியா அழுத்தி, ராத்திரி பூராக் காயவிட்டோம். காலையில எடுத்தா அச்சுவெல்லம் வரிசையா ஒக்காந்த மாதிரி மேடு மேடா நிக்குது. மெசின்ல வெட்டின பானையை நாலு அடுக்கா ஒட்டினோம். மூலையில ஃபெவிகாலைத் தடிமனா விட்டு மஞ்சத்தூள் தூவி, பாதி காஞ்சதும் வெரல்ல எண்ணெய் தொட்டு நான் பெருவிரலை அழுத்தினேன். காஞ்சப்பறம் குழி அப்படியே நின்னுது.

பொங்கலுக்கு மறுநாள் அக்கா போன் பண்ணுச்சு.

"அட்டை வந்துச்சுடா. வெல்லம் இருக்குது, பானை இருக்குது. மூலையில குழி. யாரு வெரலு?"

"என்னுதுதான்க்கா."

கொஞ்ச நேரம் பேச்சில்ல. தடவிப் பாத்துக்கிட்டு இருந்துருக்கும்போல.

"சின்னதா இருக்குது. அம்மாளுது அகலம்"னு சொல்லுச்சு.

அதுக்குத்தான் சொல்றேன். கடை அட்டையில எல்லாம் அழகா இருக்கும், அனுப்பினவங்க கை மட்டும் இருக்காது. எழுதத் தெரியாதவங்க வெச்ச ரேகையை, பார்க்க முடியாதவங்க இருபது வருசம் கழிச்சும் வெரல்ல ஞாபகம் வெச்சிருக்காங்க. படம் கோணலா இருந்தா ஒண்ணும் குத்தமில்லீங்க.

அட்டையை அப்படியே தபால்ல போட்டுடாதீங்க. முத்திரை குத்தறப்ப மேடெல்லாம் நசுங்கிடும். பின்னால ஒரு கெட்டி அட்டை வெச்சு, கவர்ல போட்டு, எடை பாத்துத் தபால்தலை ஒட்டி அனுப்புங்க. தை ஒண்ணுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டுட்டா நிம்மதி. வீட்டுல பெரியவங்க இருந்தா மூலையில அவங்க வெரலையும் ஒருக்கா வாங்கிக்குங்க.

அடுத்த வாரம் மஞ்சக் கொத்து வெட்டறதைப் பத்தி எழுதறேனுங்க.