அளவும் ஆற்றலும்

நாஞ்சில் நாட்டில் வேளிமலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது பத்மநாபபுரம். முன்னாளில் இது திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. இங்குள்ள அரண்மனையைக் காண நாள்தோறும் பலர் வருகின்றனர். மரத்தூண்களின் வேலைப்பாட்டையும், கண்ணாடி போல் மின்னும் கருந்தரையையும் கண்டு அவர்கள் வியப்பர். எனக்கோ, அவ்வளாகத்தில் பீடம் ஒன்றின்மேல் வைக்கப்பட்டுள்ள உருண்டைக் கல்லின்மீதே விருப்பம் மிகுதி.

அக்கல்லின் எடை 38 கிலோ.  படையிற் சேர விரும்பிய இளைஞன் அதனைத் தலைக்கு மேலே 101 முறை தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அக்கால விதி என்பர். இவ்விதியில் நான் காணும் சிறப்பு ஒன்று உண்டு. செல்வர் மகனுக்கு ஒரு கல், ஏழை மகனுக்கு வேறொரு கல் என்று அங்கே இல்லை. கல்லின் எடை எல்லார்க்கும் ஒன்றாய் இருந்தமையால், தோளின் வலிமை உள்ளவாறு வெளிப்பட்டது. தென்னாட்டுச் சிற்றூர்களில் காணப்படும் இளவட்டக் கற்களும் இந்த நீதியையே உணர்த்துகின்றன.

உடல் வலிமையை அளக்க ஒரு கல் போதும். ஓடிக் களைத்தவனுடைய கையின் நிதானத்தையும் அளக்க வேண்டுமாயின் என் செய்வது? அதற்கென்றே பனி மிகுந்த நாடுகளில் ஒரு விளையாட்டு வளர்ந்தது. அதன் பெயர் பயத்லான். வீரர்கள் கால்களில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டி, முதுகில் துப்பாக்கியைச் சுமந்து, பனியின்மேல் பல கிலோமீட்டர் விரைவர். இடையிடையே நின்று, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுடுவர். படுத்துச் சுடும்போது இலக்கின் குறுக்களவு 45 மில்லிமீட்டர்; நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். குறி தவறினால், பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு தவறுக்கும் 150 மீட்டர் வளையம் ஒன்றைக் கூடுதலாகச் சுற்றிவர வேண்டும்.

படைவீரர்களின் பயிற்சியிலிருந்து பிறந்த இவ்விளையாட்டு, 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. அங்கே பொற்பதக்கம் பெற்றவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கிளாஸ் லெஸ்டாண்டர். ஓட்டத்தில் அவரினும் விரைந்தோர் பலர் இருந்தனர். எனினும், சுட்ட 20 குண்டுகளையும் குறி தவறாமல் செலுத்தியவர் அவரே. நெஞ்சு படபடக்கும் வேளையிலும் கையை அடக்கியாளும் திறனுக்குக் கிடைத்த வெற்றி அது.

அத்திறனைச் சரியாக அளக்க வேண்டுமாயின், துப்பாக்கிக்கும் அளவு வேண்டுமன்றோ? தொடக்கத்தில் படைத்துறையின் பெருந்துப்பாக்கிகளே பயன்பட்டன. 1978 முதல் 5.6 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு குண்டுகளைச் சுடும் துப்பாக்கிகள் வழக்கிற்கு வந்தன. இத்துப்பாக்கியின் எடை, குண்டுகளும் அவற்றை வைக்கும் கூடும் நீங்கலாக, 3.5 கிலோவுக்குக் குறையலாகாது. பொருள் மிகுந்தோர் இறகு போன்ற துப்பாக்கியைச் செய்வித்துக்கொண்டால், மற்றவர் சுமையால் பின்தங்குவர் அல்லரோ? விசையை இழுக்கக் குறைந்தது அரைக்கிலோ அளவு அழுத்தம் வேண்டும். தொட்டவுடன் வெடிக்கும் விசை, நடுங்கும் விரலுக்குப் பேராபத்து. உருவைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியைப் பொருத்தலாகாது. குறி பார்ப்பது வீரனுடைய கண்ணாகவே இருத்தல் வேண்டும். தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கும் இடமில்லை. ஒவ்வொரு குண்டையும் வீரன் தன் கையாலேயே இயக்கி ஏற்ற வேண்டும். போட்டிக்கு முன்னரே ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதித்து அடையாளமிடுவர்.

விதிகள் யாவும் ஒரே வாய்பாடாக அமைவதில்லை. நம் நாட்டின் அபினவ் பிந்த்ரா 2008 ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் பொற்பதக்கம் வென்றாரே, அந்த 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியை நோக்குங்கள். அங்கே துப்பாக்கியின் எடை 5.5 கிலோவுக்கு மிகலாகாது. ஓடுபவனுக்கு இலேசான துப்பாக்கி நலம் தரும். ஆதலின் அங்கே கீழெல்லை வகுத்தனர். அசையாது நின்று சுடுபவனுக்குக் கனமான துப்பாக்கி உறுதி தரும்; ஆதலின் இங்கே மேலெல்லை வகுத்தனர். எல்லைகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. வெற்றி மனிதனுடையதாக இருத்தல் வேண்டும், கருவியினுடையதாக ஆகிவிடலாகாது.

இவ்வுண்மையை நான் கண்ணாரக் கண்டது என் பள்ளிப் பருவத்தில். இரும்புக் குண்டு எறியும் போட்டி ஒன்றில், என் வகுப்புத் தோழன் ஒருவன் எல்லாரினும் தொலைவாக எறிந்தான். கைதட்டல் ஓய்வதற்குள் அவன் ஆசிரியரிடம் சென்று, "ஐயா, எனக்குக் கிடைத்த குண்டு சற்று இலேசாகத் தோன்றுகிறது; நிறுத்துப் பாருங்கள்" என்றான். நிறுத்துப் பார்த்தபோது அவன் கூறியதே மெய்யாயிற்று. அனைவரும் ஒரே குண்டால் மீண்டும் எறிந்தனர். இம்முறை அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் இடமே. வீடு திரும்பும் வழியில், "ஏன் வாய் திறந்தாய்?" என்று நான் கேட்டேன். "அது என் கை எறிந்த தொலைவு அன்றே" என்றான் அவன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. முதற்பரிசு பெற்றவன் யாவன் என்பது இன்று எனக்கு நினைவில்லை. என் தோழனின் சொல்லோ இன்னும் செவியில் ஒலிக்கிறது.

சோதிப்பவர் கண்ணில் படாத குறைகளும் உண்டு. அவற்றை அறிந்தவன் கருவியை ஏந்தியவன் ஒருவனே. அவன் நேர்மையாளனாய் இருந்தாலன்றி, எத்தனை நிறைகோல்களை வைத்தும் பயனில்லை. மாணவர்களே, தேர்விலும் தொழிலிலும் பொதுவாழ்விலும் உங்களுக்கும் அளவுகள் உண்டு. அவற்றைத் தளை என்று எண்ணி வருந்தாதீர்கள். உங்கள் ஆற்றலை ஐயமின்றி உங்களுக்கே காட்டுவன அவை.