புள்ளி வைத்த தலைத்துணி

சமயமும் சமூகமும் பாடத்துக்குப் பிரசன்டேஷன் செய்ய எங்கட குறூப்புக்கு வந்த தலைப்பு ஹட்டரைட்டுகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் கொலனி கொலனியாக விவசாயம் செய்து வாழுற கிறிஸ்தவ மக்கள். ஆமிஷ் மாதிரி ஆக்கள்தானே, பத்து ஸ்லைட் காணும் எண்டுதான் தொடங்கினோம்.

முதலில் கண்ணில் பட்டது பெண்களின் கறுப்புத் தலைத்துணி. பெரிய வெள்ளைப் புள்ளி என்றால் லேரர்லொய்ட். அதைவிடச் சின்னப் புள்ளி என்றால் டாரியூஸ்லொய்ட். மிகச் சின்னதாக, அல்லது புள்ளியே இல்லாமல் இருந்தால் ஷ்மீடெலொய்ட். அன்றைக்கு நல்லாச் சிரித்தோம்.

வாசிக்க வாசிக்கச் சிரிப்புப் போய்விட்டது. 1528இல் மொராவியாவில், ஊரைவிட்டு வெளிக்கிட்ட ஒரு கூட்டம் நிலத்தில் ஒரு மேலங்கியை விரித்து, ஆளாளுக்கு இருந்ததை அதில் போட்டது. அதுதான் தொடக்கம். அவர்களுக்குப் பெயர் தந்த யாக்கோப் ஹட்டரை 1536இல் இன்ஸ்புருக்கில் எரித்துக் கொன்றார்கள். பிறகு நாடு நாடாக ஓட்டம். உக்ரைனில் இருந்த காலத்தில் பொதுச் சொத்து முறையே கைவிட்டுப் போனது.

அதை 1859இல் திரும்பத் தொடங்கியவர் மிக்கேல் வால்ட்னர், ஒரு கொல்லர். அடுத்த வருஷம் அதே ஊரின் மற்ற முனையில் டாரியூஸ் வால்டர் வேறாக ஒன்றைத் தொடங்கினார். 1874இலிருந்து டகோட்டாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1877இல் யாக்கோப் விப்ஃப் என்ற ஆசிரியர் மூன்றாவதைத் தொடங்கினார். பெயர்களும் அப்படியே: கொல்லரின் ஆக்கள், டாரியூஸின் ஆக்கள், ஆசிரியரின் ஆக்கள். வந்தவர்களில் பெரும்பான்மையோ தனித்தனிக் காணி எடுத்துப் பிரிந்து போனார்கள்.

கொள்கைச் சண்டை ஏதும் இருக்கும் எண்டு தேடினோம். கிடைக்கேல்ல. மூன்று பகுதியினரும் வாசிப்பது 17ஆம் நூற்றாண்டின் அதே பிரசங்கங்களைத்தான். பேசுவதும் அதே ஜெர்மன் வழக்கு. லேரர்லொய்ட் கூடின இறுக்கம், ஷ்மீடெலொய்ட் கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். எண்டாலும் பகுதி விட்டுப் பகுதி கலியாணம் அரிது. யாருக்குப் பின்னால் போனோம் என்பது நூற்றைம்பது வருஷம் கழித்தும் தலைத்துணியில் தெரியுது.

1992இல் ஷ்மீடெலொய்ட்டும் இரண்டாக உடைந்தது. மூப்பர் ஜேக்கப் கிளைன்சாசரின் தலைமையை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் மறுபக்கம். காசு விஷயமும் அதில் இருந்தது.

இது எங்களுக்குப் புதினமாக இருக்கேல்ல. எங்கட போர்டிங்கில் நாலு பேருக்குப் பொதுவாக ஒரு சமையல் காசு டின் இருந்தது. மூன்று மாதம் தாங்கினது. யாரும் களவெடுக்கேல்ல. கணக்குக் கொப்பி யாரிட்ட இருக்கிறது எண்டதில்தான் முடிஞ்சது.

ஆனால் எங்களுக்கு டின்னை உடைத்துப் பிரிக்க முடிந்தது. கொலனியில் அது முடியாது. மனிடோபாவில் சிலர் வேறொரு சபையில் சேர்ந்ததால் கொலனியை விட்டு நீக்கப்பட்டார்கள். தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1970இல் கனடா உச்ச நீதிமன்றம் பங்கு இல்லை என்றது. பிறந்ததிலிருந்து உழைத்த நிலம், வெறுங்கையோடு வெளியே.

இன்னொன்று: கொலனிக் கூட்டத்தில் வாக்கு ஞானஸ்நானம் பெற்ற ஆண்களுக்கு மட்டும்தான். எந்தப் பகுதி எண்டு தலையில் சுமக்கிற பெண்களுக்கு இல்லை. இதைக் கண்டுபிடித்த இரவு நாங்கள் ஸ்லைட் செய்யவே இல்லை, விடிய மட்டும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசி ஸ்லைட்டில் இருந்த தலைத்துணிப் படத்தை எடுத்துவிட்டு அந்த வழக்கைப் போட்டோம். எங்களில் ஒருத்திக்கு இன்னும் உடன்பாடில்லை. தீர்ப்பு சரிதான் எண்டு நிற்கிறாள். போறவன் எல்லாம் பங்கைப் பிரித்துக்கொண்டு போனால், அங்கே மிஞ்சுகிற கிழடுகளுக்கு யார் சோறு போடுறது எண்டு கேட்கிறாள்.