எத்தனை படி ஏற முடியும்?

முதுமையில் பயணம் குறைவதற்குத் தூரம் காரணமன்று. 700 கிலோமீட்டரை வண்டி கடந்துவிடும். நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட சில படிகளைக் கால்கள்தாம் கடக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10.38 கோடிப் பேர். அவர்களுள் பலர் ஒரு கட்டத்தில், "இனி எங்கே போவது, ஆசை விட்டுப்போயிற்று" என்கின்றனர். வீட்டார் அதனை அலுப்பென்றோ பற்றின்மையென்றோ எடுத்துக்கொள்கின்றனர். பெரும்பாலும் அச்சொல்லுக்குப் பின்னால் கைப்பிடியில்லாத ஒரு படிக்கட்டு இருக்கிறது. குந்தி அமர முடியாத ஒரு கழிப்பறை இருக்கிறது. அறிமுகமற்ற இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய ஒரு நாளின் கூச்சம் இருக்கிறது.

தில்லிக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், வயது 74, இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. வாரணாசியின் மதன்புராப் பகுதி நெசவாளர் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகி முனைவர் பட்ட ஆய்வை முடித்தவர். அந்நகரிலிருந்து அடுத்தடுத்து வந்த மூன்று கருத்தரங்க அழைப்புகளை, வேறு பணி இருக்கிறதென்று மறுத்துவிட்டார். நான்காவது அழைப்பு வந்தபோது, அவரிடம் ஆய்வு செய்த பழைய மாணவி, "வருகிறீர்களா மேடம்?" என்று கேட்கவில்லை. "உங்களால் எத்தனை படி ஏற முடியும்?" என்று கேட்டார்.

விடை உடனே வந்தது. "ஐந்து. கைப்பிடி இருந்தால் எட்டு. இறங்குவதுதான் கஷ்டம்." நிற்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? ஏழு நிமிடம். வரிசையில் நிற்க? பத்து நிமிடம். இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும்? இரண்டு முறை. இத்தனை துல்லியமான விடைகள் அவரிடம் ஆயத்தமாக இருந்தன. அதுவரை கேட்டவர்தாம் இல்லை.

பயணத் திட்டம் இந்த எண்களிலிருந்தே தொடங்குகிறது. வாரணாசிக்கு இரவு வண்டியும் உண்டு; 2019-இல் தொடங்கிய வந்தே பாரத் வண்டியும் உண்டு. இரவு வண்டியில் கால்நீட்டிப் படுக்கலாம். ஆனால் ஆடும் பெட்டியில், அரையிருளில், இரண்டு முறை எழுந்து நடக்க வேண்டும். பகல் வண்டியில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். காலை 6 மணி வண்டிக்கு வைகறைக்கு முன்பே விழிக்கவும் வேண்டும். மாணவி இரண்டையும் எடுத்துரைத்தார். முடிவு செய்தவர் பேராசிரியை: "விடியலுக்கு முன் எழுவது எனக்குப் பழக்கம். இருட்டில் விழுவதுதான் பயம்." எவ்வழியிலும் ஏதோவொரு துன்பம் உண்டு. அவற்றுள் எதைத் தாங்குவது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, தாங்கப்போகிறவருக்கே உரியது.

இரவு வண்டியே வாய்க்குமானால் அறிந்திருக்க வேண்டியவை சில. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு சீட்டில் அத்தகைய பயணிகள் இருவருக்கு மிகாதபோதே அது செல்லும். பேரன் பேத்தியரோடு சேர்த்து ஒரே சீட்டாகப் பதிவு செய்தால் அவ்வாய்ப்புக் கைநழுவலாம். கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்னும் தெரிவும் இணையப் பதிவில் இருக்கிறது. மூன்றடுக்குப் பெட்டியில் நடுப்படுக்கையை விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. இரண்டடுக்குப் பெட்டியில் அத்தொல்லை இல்லை. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், அந்த வசதிக்கு முழு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் ஏறுவதற்கு முந்திய நடையை எவரும் கணக்கிடுவதில்லை. இன்றைய எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 23.5 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். ஏழு நிமிடம் மட்டுமே நடக்க இயல்பவருக்குத் தவறான முனையில் இறங்குவது வண்டியையே தவறவிடுவதாகும். புதுதில்லி நிலையத்தில் பஹாட்கஞ்ச் பக்கம் 1-ஆம் நடைமேடை. அஜ்மேரி கேட் பக்கம் 16-ஆம் நடைமேடை. வாடகைக் காரை எந்த வாயிலில் நிறுத்தச் சொல்வது என்பதிலேயே நடைமேம்பாலத்தை ஏறுவதா தவிர்ப்பதா என்பது முடிவாகிவிடுகிறது. சக்கர நாற்காலியும் சுமைதூக்குவோர் துணையும் வேண்டுமென நிலையத்தில் முன்னரே சொல்லிவைப்பது நன்று. 139 என்னும் எண்ணிலும் விசாரிக்கலாம். இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் இடைநிலையத்தைவிட வண்டி புறப்படும் நிலையமும் முடியும் நிலையமும் மேலானவை. அங்கே ஏறவும் இறங்கவும் அவசரமில்லை.

எவரும் வாய்விட்டுப் பேசாதது ஒன்றுண்டு. பயணத்துக்கு முந்திய நாளிலிருந்தே முதியோர் பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். கழிப்பறைக்குச் செல்லும் தேவையைத் தவிர்க்க அவர்கள் கண்டறிந்த வழி அது. நீர் குறைந்தால் தலைசுற்றும், மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம், தலைசுற்றினால் விழுவர். விழுவதற்கு அஞ்சிச் செய்தது விழுவதிலேயே முடிகிறது. "தண்ணீர் குடியுங்கள்" என்று வற்புறுத்துவதால் இது மாறாது. மேற்கத்தியக் கழிப்பறைக்கு அருகிலுள்ள இருக்கையைத் தேர்வது, வண்டி நெடுநேரம் நிற்கும் நிலையம் எதுவென்று பார்த்துவைப்பது, கதவுக்கு வெளியே துணையாக நிற்பது ஆகியவையே மாற்றும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையைப் பயண நாளில் எப்போது எடுத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டுமேயன்றித் தாமாக நிறுத்தலாகாது. நெடுநேரம் உட்கார்ந்திருப்போர் கணுக்காலை அவ்வப்போது மேலும் கீழும் அசைப்பது காலில் இரத்தம் உறையாதிருக்க உதவும்.

விமானப் பயணத்துக்கும் அதே கேள்விதான் அடிப்படை. சக்கர நாற்காலி வேண்டுவோரை விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளால் பிரிக்கின்றன. படியேறவும் உள்ளே நடக்கவும் இயல்பவர் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியேற இயலாது, உள்ளே நடக்க இயல்பவர் டபிள்யூ.சி.எச்.எஸ்.; இரண்டும் இயலாதவர் டபிள்யூ.சி.எச்.சி. வெறுமனே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்தால் முதற்குறியீடே விழ வாய்ப்புண்டு. விமானத்தை ஓடுதளத்தருகே நிறுத்திப் பேருந்தில் அழைத்துச் செல்லும் நாளில், அத்தகையவர் ஏணியின் அடியில் நிற்க நேரும். வேண்டுகோளை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிடுவது முறை.

முன்பே தெரிவித்தால் மட்டும் போதுமா? 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பையில் வந்திறங்கிய முதிய இணையர் இருவருக்கும் சக்கர நாற்காலிக்கு முன்பதிவு இருந்தது. வந்தது ஒன்றே. மனைவி அமர்ந்தார், 80 வயதுக் கணவர் பின்னால் நடந்தார், குடிநுழைவுப் பகுதியில் சரிந்து உயிர்நீத்தார். விமானப் போக்குவரத்து ஆணையம் அந்நிறுவனத்துக்கு 30 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. காத்திருங்கள் என்று தம்மிடம் சொல்லப்பட்டதாக அறிவிக்கும் நிறுவனங்கள் அறிய வேண்டியது ஒன்று: பிறரைக் காக்கவைக்கக் கூசும் தலைமுறை அது. துணைசெல்வோரின் முதற்கடமை, இரண்டாவது நாற்காலி வரும்வரை நகரமாட்டோம் என்று அவர்கள் சார்பில் கூச்சமின்றி நிற்பதே.

கட்டடங்களின் கதை வேறு. 2001 சனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது, குதுப்மினார் உள்ளிட்ட நினைவுச்சின்னங்களில் தற்காலிக மரச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. புகழ்பெற்ற ஒருவருக்காகச் சில நாட்களில் இயன்றது, ஏனையோருக்கு நெடுங்காலம் இயலாமலிருந்தது. மாறாக, 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோவில் மின்தூக்கியும் நடைமேடையோடு சமமான பெட்டித் தளமும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டன. இன்று அம்மின்தூக்கிகளில் ஏறுவோர் கருவுற்றோர், மூட்டுவலிக்காரர், பெட்டி சுமப்போர் எனப் பலதிறத்தினர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் அணுகத்தக்கனவாக வேண்டும் என்றது. அந்தக் கெடு 2022-இலேயே கடந்துவிட்டது. 2024 நவம்பரில் ரஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களும் பொதுக் கட்டடங்களே. ஆயினும் எத்தனை பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கக் கூடம் மின்தூக்கியில்லாத முதல் மாடியில் இருக்கிறது! மேடைக்கு ஏறும் மூன்று படிகளுக்குக் கைப்பிடி எங்கே இருக்கிறது?

வாரணாசிக் கருத்தரங்கும் முதல் மாடியில்தான் நடப்பதாக இருந்தது. மாணவி அமைப்பாளர்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் வேண்டுகோள் ஏதுமில்லை. பேராசிரியையின் எண்கள் மட்டுமே இருந்தன. ஐந்து படி, ஏழு நிமிடம், பத்து நிமிடம். அமைப்பாளர்கள் அமர்வைத் தரைத்தளத்துக்கு மாற்றினர். மேடையை நீக்கிவிட்டு எல்லோரும் ஒரே தளத்தில் அமர்ந்தனர். விருந்தினர் இல்லத்தில் மேற்கத்தியக் கழிப்பறையுள்ள தரைத்தள அறை தரப்பட்டது. மறுநாள் அவரைப் படித்துறைகளுக்கு அழைத்துச் செல்லச் சிலர் முனைந்தனர்; நாற்காலியோடு தூக்கிச் செல்லவும் இளைஞர்கள் ஆயத்தமாக நின்றனர். அவர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். மின்ரிக்ஷாவில் மதன்புராவுக்குப் போய், தம் ஆய்வேட்டில் இடம்பெற்ற குடும்பமொன்றின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் விரும்பிய காசி அதுதான்.

கருத்தரங்க அழைப்பிதழ்களில் ஆய்வுச் சுருக்கத்தின் சொல்லளவு கேட்கப்படுகிறது. எழுத்துருவின் அளவும் கேட்கப்படுகிறது. அவற்றோடு ஒரு வரி சேர்க்கலாம்: "தங்களால் எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதைத் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்வோம்." மூத்த அறிஞர்கள் வருவதில்லை என்று வருந்தும் துறைகள், அவ்வரியைச் சேர்த்தபின் எத்தனை பேர் வருகின்றனர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.