எதிரி இடம் கொடுத்தால்தான் காம்போ

வீடியோ கேம் விமர்சனங்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கதைக்கு இத்தனை, கிராபிக்ஸுக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு, கடைசியில் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். அடிமேல் அடி கோக்கும் காம்போவை நம்பி நிற்கும் சண்டை கேம்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2019 மார்ச்சில் வெளியிட்ட 'டெவில் மே க்ரை 5' அதற்கு நல்ல சாட்சி. இருபது மிஷன்களையும் ஒரு முறை முடித்து, கதையின் முடிவைப் பார்த்துவிட்டவர்கூட அந்த கேமின் வாசலில்தான் நிற்கிறார்.

காம்போ என்பதே யாரும் திட்டமிட்டுக் கொண்டுவந்தது அல்ல. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, ஓர் அடி முழுதாக முடிவதற்குள் அடுத்த அடியைக் கோத்துவிட முடிகிறது என்பதைத் தயாரிப்புக் குழுவினர் தற்செயலாகக் கவனித்தார்கள். அதை நீக்காமல் விட்டுவைத்தார்கள். பத்தாண்டு கழித்து இன்னொரு தற்செயல். 'ஓனிமுஷா' என்ற சாமுராய் கேமில், வாளால் வெட்ட வெட்ட எதிரி தரையில் விழாமல் அந்தரத்திலேயே நிற்கும் பிழை ஒன்று இருந்தது. கேம் இயக்குநர் ஹிடேகி காமியா அந்தப் பிழையில் ஒரு விளையாட்டைக் கண்டார். அப்போது அவர் இயக்கிக்கொண்டிருந்தது, 'ரெசிடென்ட் ஈவில் 4' ஆக வர வேண்டியிருந்து திசைமாறிப் போன ஒரு கேம். 2001-இல் அது 'டெவில் மே க்ரை' என்ற பெயரில் வந்தது. எதிரியை வாளால் மேலே தூக்கி, துப்பாக்கியால் சுட்டே கீழே விழவிடாமல் வைத்திருக்கும் அந்த இன்பம் அங்கே தொடங்கியது.

மூன்றாம் பாகத்திலிருந்து தொடரை வளர்த்தவர் ஹிடேயாகி இட்சுனோ. 'கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2' போன்ற நேருக்கு நேர் மோதும் கேம்களை இயக்கிப் பழகிய கை அவருடையது. 2005-இல் வந்த மூன்றாம் பாகத்தில், நாயகன் டான்டேவின் சண்டைப் பாணிகளில் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். 2008-இல் வந்த நான்காம் பாகத்தில், சண்டையின் நடுவிலேயே திசைப் பட்டன்களை அழுத்திப் பாணி மாற்றலாம். ஐந்தாம் பாகத்தில் அதோடு ஆயுதங்களும் கூடிவிட்டன. வாள், கைக்கவசம், இரண்டாகப் பிளந்து இரு கைகளில் சுழலும் மோட்டார் சைக்கிள், கண்ணி கோத்த மூவிணைக் கம்பு என்று ஒரே காம்போவுக்குள் எல்லாவற்றையும் தொட்டு வரலாம். காற்றில் இருக்கும் எதிரியின் மேல் கால் வைத்துத் தாவினால், செய்துகொண்டிருந்த அடி ரத்தாகி, வான்வழி அடிகளை முதலிலிருந்து தொடங்க முடியும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தரையையே மறந்துவிடுவது இந்த ஒரு நுணுக்கத்தால்தான்.

இத்தனை அடிகள் இருக்கின்றன என்பதாலேயே ஒரு கேம் உயர்ந்துவிடாது. அவற்றை வாங்கிக்கொள்ளும் எதிரி எப்படிப்பட்டவன் என்பதில்தான் தரம் தெரியும். நான்காம் பாகத்தில் பிளிட்ஸ் என்றொரு எதிரி உண்டு. உடல் முழுக்க மின்சாரம் போர்த்தி, கண்மண் தெரியாமல் பாய்ந்துகொண்டிருக்கும். மின்சாரம் இருக்கும்வரை வாள் பட்டால் எகிறிவிடும். துப்பாக்கியால் சுட்டுச் சுட்டு அதைக் களைந்த பிறகே கிட்டே போக முடியும். கற்ற வித்தை அத்தனையும் அதுவரை கையில் சும்மா கிடக்கிறது. 2013-இல் இந்தத் தொடருக்காக நின்ஜா தியரி நிறுவனம் உருவாக்கிய 'டிஎம்சி' இதே தவறைப் பெரிய அளவில் செய்தது. சிவப்பு எதிரிக்கு ஒரு வகை ஆயுதம், நீல எதிரிக்கு வேறொரு வகை என்று நிறம் பிரித்துவிட்டது. எந்த அடியைக் கோப்பது என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டிய இடத்தில் கேமே விடையைச் சொல்லிவிடுகிறது. 2015-இல் வந்த திருத்தப்பட்ட பதிப்பு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கன்சோலில் நொடிக்கு 30 ஃபிரேம் ஓடிய கேம் 60-க்கும் உயர்ந்தது.

ஐந்தாம் பாகத்தின் ஃப்யூரியை பிளிட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுவும் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் பாய்வதுதான். ஆனால் பாயும் அந்தக் கணத்தில் வாளை வீசினால் அது தடுமாறி விழும். எந்த ஆயுதத்தை எடுக்க வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. எப்போது வீச வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. விழுந்துவிட்டால் அடுத்த சில நொடிகள் முழுக்க ஆட்டக்காரருக்குச் சொந்தம். கடினமும் சுதந்திரமும் ஒரே எதிரியிடம் சேர்ந்திருப்பது அபூர்வம்.

சண்டையை அளக்கும் முறையும் இந்தத் தொடரின் பெரும் பலம். டி-யில் தொடங்கி எஸ்எஸ்எஸ் வரை தரவரிசை ஏறும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஏறாது. அடி வாங்கினால் சரியும். ஐந்தாம் பாகம் இதைக் காதுக்கும் கொண்டுவந்தது. அதன் இன்னொரு நாயகனான நீரோ சண்டை போடும்போது ஒலிக்கும் 'டெவில் ட்ரிக்கர்' பாடல் தரவரிசையோடு சேர்ந்து ஏறி, எஸ் தொட்டதும் பல்லவியில் வெடிக்கும். நன்றாக ஆடினால்தான் பாட்டே முழுதாகக் கேட்கும் என்ற ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கதையின் பிற்பாதி பெரும்பாலும் ஒரு ராட்சத மரத்தின் உள்ளே நடக்கிறது. செம்மை படிந்த சதைச் சுவர், அடுத்து இன்னொரு சதைச் சுவர். எந்த மிஷனில் எந்த இடம் வந்தது என்று பிறகு நினைவுபடுத்திச் சொல்வது கடினம். வி என்ற பாத்திரத்தின் யோசனை அருமையானது, ஆட்டம்தான் மெலிந்துவிட்டது. அவன் தள்ளி நிற்க, பறவையும் சிறுத்தையும் அவனுக்காகச் சண்டை போடுகின்றன. கடைசிக் குத்து மட்டும் அவனுடையது. தொலைவில் நடக்கும் கைகலப்பில் எந்த அடி எதனால் விழுந்தது என்று தெரிவதில்லை. பட்டன்களைக் குருட்டாம்போக்கில் தட்டினாலும் தரவரிசை எளிதாக ஏறிவிடுகிறது. நீரோவிடமும் டான்டேயிடமும் அவ்வளவு கறாராக இருக்கும் கேம் இவனிடம் மட்டும் இளகிவிடுவது வருத்தம் தருகிறது. லேடி, டிரிஷ் என்ற பெண் பாத்திரங்கள் இருவரையும் கதை ஓரமாக உட்கார வைத்தது அதைவிடப் பெரிய வருத்தம்.

முதல் ஆட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டான்டே கைக்கு வருவதே பாதி வழி தாண்டும் நேரத்தில்தான். அவனிடம் இருப்பவற்றைப் பழகி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அதன் பிறகு திறக்கும் 'சன் ஆஃப் ஸ்பார்டா' என்ற கடின நிலையில் எதிரிகளின் வரிசை மாறுகிறது. பழகுவதற்கு 'வாய்ட்' என்ற பயிற்சிக்கூடமும் தனியாக இருக்கிறது. விமர்சகர்கள் இங்கிருந்து எழுதத் தொடங்கியிருந்தால் பல தீர்ப்புகள் வேறாக இருந்திருக்கும்.

2020-இன் இறுதியில் டான்டேவின் அண்ணன் வெர்ஜிலையும் ஆடும் பாத்திரமாகச் சேர்த்தார்கள். அவனுக்கென்று புதிய இடங்கள் ஏதும் கட்டப்படவில்லை; அதே மிஷன்கள், அதே சதைச் சுவர்கள். ஆனால் அவனுக்கு ஒரு கவன அளவி உண்டு. பதறாமல் நடந்தால், அடிக்குத் தப்பினால் அது ஏறும். ஓடினாலோ வீச்சு குறி தவறினாலோ இறங்கும். நீரோவாக அவசர அவசரமாக ஓடிக் கடந்த அந்த வழிகளில், வெர்ஜிலை எடுத்தவர்கள் வாளை உறையிலிட்டு நடந்து போகிறார்கள்.